கல்வராயன் மலையில் கிராவல் சைக்கிள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில், 2009-ஆம் ஆண்டு சிவில் பிரிவில் படித்து முடித்த மணலூர்பேட்டை நண்பர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, பேசியவரே திருத்திக் கொடுத்தது.)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "நீ ஏதோ மலையில சைக்கிள் ஓட்டுறியாமே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், நான் ரோடு போடுறவன், ரோட்டைப் பத்திப் பேசறேனே" என்றேன். "ரோடு பாலம் பத்தியெல்லாம் ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. நீ சைக்கிள்" என்று முடித்துவிட்டார். ஆனால் இந்தச் சைக்கிள் கதை கடைசியில் ரோட்டில்தான் போய் நிற்கும். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் "கிராவல்" என்றால் லோடு லாரியில் வரும் சரளைமண். வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்புவது, தெருவுக்குக் கொட்டுவது. நான் "கிராவல் பைக் வாங்கியிருக்கேன்" என்றதும் என் தாய்மாமா, "மண்ணு அடிக்கிற பர்மிட் எங்கடா வாங்கின?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்விதான். கிராவல் சைக்கிள் என்பது அந்தச் சரளைமண் பாதைக்காகவே செய்த வண்டி. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி கொம்பு வளைந்த ஹேண்டில் இருக்கும். டயர் மட்டும் தடிமன்: ரேஸ் சைக்கிளில் 25, 28 மி.மீ. என்றால் இதில் 38 முதல் 45, 50 மி.மீ. வரை. டிஸ்க் பிரேக். மலை ஏறுவதற்கென்று பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய பல்சக்கரம். விலை நாற்பது, ஐம்பதாயிரத்தில் தொடங்குகிறது. எங்கே முடிகிறது என்பதை என் மனைவி இங்கே உட்கார்ந்திருப்பதால் சொல்ல மாட்டேன்.

பெயர் புதிது, விஷயம் பழசு. 1910-இல் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களுக்குக் கொண்டுபோனார்கள். அன்று அந்தக் கணவாய்களில் தார் கிடையாது. கல்லும் மண்ணும் ஆடுமாட்டுத் தடமும்தான். ஒரே நாளில் 326 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தை வென்ற ஆக்டேவ் லாபிஸ், வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று திட்டியதாகச் சொல்வார்கள். திட்டியதில் தப்பே இல்லை. அப்போது ஓடிக்கொண்டே மாற்றும் கியர் கிடையாது. இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். கியர் மாற்றி அந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். அப்புறம் உலகம் முழுக்கத் தார் வந்தது, சைக்கிள் மெலிந்தது. இப்போது மறுபடி மண்ணுக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய 200 மைல் மண்பாதைப் பந்தயம் இன்று பெரிய திருவிழா. 2022-இல் இத்தாலியில் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள். நம் பக்கம் நீலகிரிச் சுற்றுப்பயணம் 2008-இலிருந்து நடக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தார்ச்சாலை.

நாங்கள் ஐந்தாறு பேர். நான் மணலூர்பேட்டை. ஒருவர் திருவண்ணாமலை, ஒருவர் திருக்கோவிலூர், மற்றவர்கள் சென்னையில் வேலை, சனிக்கிழமை இரவு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். இங்கே வெளியூர் நண்பர்கள் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: மணலூர்பேட்டை தென்பெண்ணைக் கரையில் இருக்கிற சின்னப் பேரூர். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார், மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அதே ஆறு 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட்டபோது, கரையோரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. திருவிழா ஆறும் அதுதான், வெள்ள ஆறும் அதுதான்.

எங்கள் ஊரிலிருந்து கல்வராயன் மலைக்கு நாங்கள் போகும் வழி இரண்டு. ஒன்று சங்கராபுரம் போய், வடக்கே சேராப்பட்டுப் பக்கம் ஏறுவது. அது சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. இன்னொன்று தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை ஏறுவது. அது பெரிய கல்வராயன், 4,000 அடி. கள்ளக்குறிச்சி வரைக்குமே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுவோம். கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் இந்த முதல் பகுதிதான் மொத்தப் பயணத்திலேயே ஆபத்தானது. கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கே இருக்காது. இருட்டில் ஒரு கரும்புத் தோட்டமே சாலையில் நிற்பது போல இருக்கும். மலையில் விழுந்தவர்களைவிட கரும்பு வண்டியில் மோதியவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

மலை ஏறுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? மெக்கானிக்கல்காரர்கள் இருக்கிறார்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். ஆள் 70 கிலோ, சைக்கிள், தண்ணீர், டூல்ஸ் எல்லாம் 15 கிலோ, மொத்தம் 85. பத்துக்கு ஒன்று சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம். எடையைத் தூக்குவதற்கே 140 வாட். சரளையில் டயர் உருளுகிற இழப்பு இன்னொரு 25, 30 வாட். ஆக 165 வாட்டுக்கு மேல், விடாமல், ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம். இதைச் சாதாரண வீட்டுச் சைக்கிளில் செய்தால் என்ன ஆகும்? முன்னால் 44 பல், பின்னால் 18. ஆறு கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிஷத்துக்கு 19 சுற்றுதான் சுற்றும். அந்தச் சுற்றில் 165 வாட் வர வேண்டுமானால் ஒவ்வொரு மிதிக்கும் சராசரியாக 50 கிலோ அழுத்தம், உச்சத்தில் ஆளின் முழு எடைக்கும் மேல். அதாவது படிக்கட்டில் ஒரு காலால் எம்பி எம்பிப் போவது மாதிரி. கிராவல் சைக்கிளில் முன்னால் 40, பின்னால் 42 பல். பெடல் 48 சுற்று சுற்றும், அழுத்தம் 20 கிலோதான். சக்தி அதேதான், தவணை முறையில் கொடுக்கிறோம்.

இறக்கம் இன்னும் சுவாரசியம். 600 மீட்டர் உயரத்திலிருந்து 85 கிலோ கீழே வந்தால் சுமார் 500 கிலோஜூல் சக்தி எங்காவது போக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. வேகமாக வந்தால் காற்று பாதியைத் தின்னும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் முழுச் சூடும் அந்தத் தட்டுக்குத்தான். அதனால் பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்கக் கூடாது. பிடி, விடு, பிடி, விடு. முன்னது பின்னது மாறி மாறி. எங்கள் கூட வந்த ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம், சேராப்பட்டு இறக்கத்தில் பயந்துபோய்ப் பின்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். பேட் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிப் பிடியே இல்லாமல் போய்விட்டது. நல்லவேளையாக வளைவுக்கு முன்னால் ஒரு மண்மேடு இருந்தது. முழங்கையில் தோல் போனதோடு சரி.

டயரில் காற்று குறைவாக வைக்க வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்கள் நம்பவே மாட்டார்கள். 40 மி.மீ. டயருக்கு என் எடைக்கு 30, 35 பி.எஸ்.ஐ. போதும். கல்லென்று அடித்தால் சைக்கிள் ஒவ்வொரு ஜல்லிக்கும் துள்ளும், பிடிமானம் போகும், கை மரத்துவிடும். டியூப் இல்லாத டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றுகிறோம். முள் குத்தினால் அதுவே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், மலையில் பஞ்சர் அபூர்வம். பஞ்சர் எல்லாம் கீழே, ஏரிக்கரையில், சீமைக் கருவேல முள்ளால்தான்.

கல்வராயனில் மெயின் ரோடு தார்தான். கோமுகி அணையைத் தாண்டி வனத்துறை சோதனைச் சாவடி, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள், வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகிறது. அதற்கு மேல் கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டத்துப் பக்கம் இறங்கிவிடலாம். கிராவல் என்பது மெயின் ரோட்டிலிருந்து உள்ளூர்களுக்குப் பிரிகிற பாதைகளில். செம்மண், உடைந்த பாறை, ஓடை குறுக்கே போகிற இடத்தில் உருண்டைக் கற்கள். ஒரு பக்கம் மரவள்ளித் தோட்டம், ஒரு பக்கம் சாமைக் கொல்லை, நடுநடுவே கடுக்காய் மரம். நவம்பர், டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கும் பனி விலகாது. ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மழைக்கு மறுநாள் போனால் செம்மண் டயரில் அப்பி, சக்கரமே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நாம் ஹைவே இன்ஜினியரிங்கில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மலைப்பாங்கான நிலத்தில் ரூலிங் கிரேடியன்ட் 5 சதவீதம், விதிவிலக்காக 7. செங்குத்தான நிலத்தில் 6, விதிவிலக்காக 8. அந்த உள்பாதைகளில் என் மீட்டர் 12, 14 என்று காட்டும். சில இடத்தில் அதற்கும் மேல். காரணம் எளிது. அந்தப் பாதைகளை எந்த இன்ஜினியரும் போடவில்லை. தலைச்சுமையோடு நடந்த மனிதன் போட்ட தடம். அவன் வளைந்து போக மாட்டான், நேரே ஏறுவான். அந்தத் தடத்திலேயே பிறகு ஜீப் போனது, ஜீப் போன தடத்தில் பஞ்சாயத்து மண் கொட்டியது. அந்தச் சரிவில் கொட்டிய மண் ஒரு மழைக்காலம் தாங்கும். பக்க வடிகால் இல்லாததால் தண்ணீர் ரோட்டையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. எங்களைப் போல் சைக்கிளில் வருகிறவனுக்கு அந்த அரிப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வழி கண்டுபிடித்து ஏறுவதுதான் சவால், அதுதான் சுகம். எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல ரைடு. நண்பர்கள் வட்டத்தில் இதற்கு ஸ்டார் எல்லாம் கொடுப்போம். ஐந்து ஸ்டார் ரோடு என்றால் படுமோசமான ரோடு.

அந்த மலையில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லும் கதை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று பாளையங்களாக, ஜாகீர்களாக இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்தது 1947 என்று நாம் படிக்கிறோம். அங்கே ஜாகீர் முறை முடிந்தது 1976-இல். ரோடு ஏன் இல்லை என்பதற்குப் பாதிப் பதில் அந்த வருஷத்தில் இருக்கிறது. மீதிப் பாதி இன்னொரு வருஷத்தில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் பேசப்பட்டன. செத்தவர்கள் சமவெளியில். வெளிச்சம் விழுந்தது மலை மேல்.

அந்த நாட்களில் நாங்கள் போனபோது ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் பைகளை எல்லாம் கொட்டிப் பார்த்தார்கள். டியூப், டயர் லீவர், கடலை உருண்டை, வாழைப்பழம். அந்த வெள்ளைத் திரவ பாட்டில்தான் பிரச்சினை. "இது என்ன?" "டயர்ல ஊத்துறது சார்." "டயர்ல ஏன்யா ஊத்துற?" விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. மோந்து பார்த்துவிட்டு விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2023 நவம்பர், மழை ஓய்ந்த இரண்டாம் நாள். ஊர்ப் பெயர் சொல்லவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, எங்கள் கணக்கில் ஐந்து ஸ்டார் பாதை. பாதித் தூரம் ஏறியிருப்போம். எதிரே நாலு பேர் வேகமாக இறங்கி வருகிறார்கள். தோளில் மூங்கில். மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, உள்ளே ஒரு பெரியவர். ராத்திரியிலிருந்து வயிற்றுவலி, காலையில் பேச்சு இல்லை. பின்னாலேயே அவர் மனைவி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும். நாங்கள் சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு வழி விட்டோம். 108-க்குச் சொல்லியாச்சா என்று கேட்டோம். "சிக்னல் ரோட்டுக்குப் போனாத்தான் கெடைக்கும்" என்றார் ஒருவர். அவர் பெரியவரின் மகன், என் வயதுதான் இருக்கும்.

எங்களில் நன்றாக இறங்கக்கூடியவர் திருவண்ணாமலை நண்பர். அவர் உடனே திருப்பினார். இரண்டரை கிலோமீட்டர், ஏழெட்டு நிமிஷத்தில் கீழே போய் 108 போட்டுவிட்டார். மற்ற நாங்கள் மூங்கிலுக்குத் தோள் மாற்றினோம். சொல்கிறேன், 14 சதவீதச் சரிவில் ஈரச் செம்மண்ணில் ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு இறங்குவது சைக்கிளில் ஏறுவதைப் போல் பத்து மடங்கு. சைக்கிள் ஷூவின் அடியில் இரும்புக் கிளீட் இருக்கும், கல்லில் வழுக்கும். நான் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அவர்கள் எல்லோருமே முதலிலிருந்தே வெறுங்கால்தான். ரோட்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் வந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், குடல் இறக்கமாம், ஆபரேஷன் செய்தார்கள். இதைப் பிறகு ஒரு ரைடின்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த மகன் எங்கள் சைக்கிள்களைச் சுற்றி வந்து பார்த்தார். டயரை அமுக்கினார், விலை கேட்டார், சொன்னேன். "எதுக்கு சார் இவ்ளோ தூரம் வந்து இந்த ரோட்டுல ஓட்டுறீங்க?" என்றார். நான் இந்த மாதிரி பாதை எங்கள் பக்கம் இல்லை, இது ஒரு விளையாட்டு மாதிரி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரோடு போட்டுட்டா நீங்கல்லாம் வர மாட்டீங்களா?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

திரும்பி வரும்போது கச்சிராயபாளையம் டீக்கடையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒருவர், "ரோடு வரணும்தான், ஆனா தார் போட்டா ரியல் எஸ்டேட்காரன் வருவான், ரிசார்ட் வரும், ஏற்காடு ஆகிடும்" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்னொருவர், "ஏற்காடு ஆனா ஆகட்டுமே, அங்க யாரையும் தூளியில தூக்கிட்டுப் போகலையே" என்றார். நான் இரண்டாமவர் பக்கம். ரசிப்பதற்காக ஒரு ஊருக்கு ரோடு இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை. எனக்குச் சரளை வேண்டுமென்றால் உபயோகத்தில் இல்லாத பாதைகள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே போய்க்கொள்கிறேன்.

ஆனால் ரோடு போடுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சரிவில் தார் சரியான பதில் அல்ல. வடிகால் இல்லாமல் தார் போட்டால் இரண்டு மழையில் விளிம்பு தின்றுவிடும். செங்குத்தான பகுதிக்குக் கான்கிரீட், இரு பக்கமும் கல் பதித்த வடிகால், ஓடை வெட்டுகிற இடமெல்லாம் குழாய்ப் பாலம். சரிவு குறைந்த இடத்தில் நல்ல சரளையே போதும், 4 சதவீதம் கேம்பர் கொடுத்து அழுத்தி உருட்டினால். ஐந்து கிலோமீட்டரும் ஒரே மாதிரி போட வேண்டும் என்று யார் சொன்னது?

பணம், அனுமதி இரண்டும்தான் முட்டுக்கட்டை. 2000-இல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக்கு 500 பேர் உள்ள குடியிருப்பு, மலை மாநிலங்களுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் என்று கணக்கு. தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல, இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவும் இல்லை. ஆக, 4,000 அடி மலையில் இருந்தும் அந்தச் சலுகைக் கணக்குக்குள் கல்வராயன் வரவில்லை. 2023-இல் வந்த பிரதமர் ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பேர் அந்தப் பட்டியலில். மலையாளிகள் இல்லை. மாநிலத் திட்டங்களில்தான் வாங்க வேண்டும்.

அனுமதிக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால், மத்திய அரசு வரை போகாமல் மாவட்ட அளவிலேயே அனுமதி தரலாம். ஒரு ஹெக்டேர் என்றால் எவ்வளவு ரோடு? வடிகாலோடு சேர்த்து 6 மீட்டர் அகலம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 1.6 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் பாதையில் எவ்வளவு காடு, எவ்வளவு பட்டா நிலம் என்று அளந்தால்தான் இந்தப் பிரிவுக்குள் வருமா என்று தெரியும். விண்ணப்பத்தில் இடம், அளவு, மரக்கணக்கு வேண்டும். அந்த ஊரில் தீர்மானம் போட ஆள் இருக்கிறார்கள். அளக்கத்தான் ஆள் இல்லை.

நம் சிவில் பிரிவில் வருஷா வருஷம் சர்வே கேம்ப் நடக்கிறது. என் காலத்தில் கல்லூரி மைதானத்தையும் பின்னாலிருந்த ஏரியையும் அளந்தோம். அந்த ஏரியை அதற்கு முன்பே நம் சீனியர்கள் முப்பது தடவை அளந்திருக்கிறார்கள், அதன் கான்டூர் அதற்கே மனப்பாடம். துறைத் தலைவர் அவர்களிடம் நேற்று பேசினேன். ஒரு தடவை கேம்பைக் கல்வராயனில் வைத்துக்கொள்ளலாம், தங்கும் செலவைச் சங்கம் ஏற்குமா என்று கேட்டார். பொருளாளர் இங்கே இருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஊர், ஒரு பாதை, ஐந்து கிலோமீட்டர். நீளவாட்டு லெவல், குறுக்குவெட்டு, ஓடை வெட்டும் இடங்கள், மரக்கணக்கு. வரைபடம் போட்டு கிராம சபையிடம் கொடுத்துவிட வேண்டும். எங்களிடம் கொடுக்க வேண்டாம், பத்திரிகைக்கும் வேண்டாம். அந்த மகனிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். "அளந்துட்டுப் போனவங்க முன்னாடியும் இருக்காங்க சார்" என்றார். அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வருகிற தை ஆற்றுத் திருவிழா முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த ஊருக்குப் போகிறோம். மணலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் காலை மூணே முக்காலுக்கு. மாணவர்கள் வீட்டுச் சைக்கிளிலேயே வரலாம், அரசு கொடுத்த சைக்கிள் இருந்தாலும் சரி. கோமுகி அணை வரை ஓட்டிவிட்டு அங்கிருந்து வேனில் ஏறிக்கொள்ளலாம், வேனுக்குச் சொல்லியிருக்கிறோம். பின்விளக்கு கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம், இரண்டு பாட்டில் தண்ணீர். மெயின் பாதையை விட்டு ரிசர்வ் காட்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது. அருவிக்குப் போகலாமா என்று கேட்கக் கூடாது. பிளாஸ்டிக் கவரைப் போட்டுவிட்டு வருகிறவரை அடுத்த தடவை சேர்ப்பதில்லை. லெவல் எடுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேராவது வேண்டும். பெயரைச் சங்கச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.